மங்கினால் மருந்தா? சீரத்தில் டாக்சிசைக்ளின் தேடிய கார்பன் புள்ளி உணரி: ஒரு நிகழ்வு ஆய்வு

சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை தொடங்கினால், பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காதபோது மருத்துவருக்கு மூன்று சந்தேகங்கள் எழும். நோய் அதுதானா? கூடவே வேறு தொற்று இருக்கிறதா? விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் ஏறியதா? முதல் இரண்டுக்கும் பரிசோதனைகள் உண்டு. மூன்றாவதற்குச் சிறிய ஊர் ஆய்வகத்தில் எளிய வழி இல்லை. ஒளிரும் நானோ துகள்களைக் கொண்டு அந்த வழியை உண்டாக்க முயல்வோர் எங்கே வழுக்கி விழுகிறார்கள், எப்படி எழலாம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இங்கே வரும் நிகழ்வு தனியொருவரின் மருத்துவக் குறிப்பு அல்ல. செட்டிநாட்டுப் பகுதியில் நடக்கக்கூடிய சூழலை எடுத்துக்கொண்டு கோத்த மாதிரி நிகழ்வு. ஒளி உறிஞ்சல், மங்கல் பற்றிய எண்கள் அறியப்பட்ட மாறிலிகளிலிருந்து கணக்கிட்டவை. எவரும் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இயங்குகிறது. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்தது. ஆகவே நிறமாலைமானியைக் கையாளத் தெரிந்தவர்களுக்கும் ஹைட்ரோதெர்மல் கலத்தில் (மூடிய கலத்தில் நீரோடு அழுத்தத்தில் சூடாக்கி) நானோ துகள் சமைக்கத் தெரிந்தவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. ஆனால் அமில-கார நிலை (பிஎச்) மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் ஒழுங்காக நடந்துகொள்ளும் உணரி ரத்தத்தில் அப்படி நடப்பதில்லை. வேதியியல் தெரிந்தவரும் ரத்தம் எடுப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாவிட்டால் இந்த வேலை தேறாது.

நிகழ்வு

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம். கருவேலங்காட்டில் விறகு பொறுக்கப் போகும் நடுத்தர வயதுப் பெண். காய்ச்சல் ஆறாம் நாள், இடுப்பு மடிப்பில் கருந்தழும்பு, ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் பரிசோதனை நேர்மறை. டாக்சிசைக்ளின் தொடங்கி மூன்றாம் நாளிலும் காய்ச்சல் 102 டிகிரி. கண்ணில் லேசான மஞ்சள், கிரியேட்டினின் சற்று உயர்வு. ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி, முழு ரத்த எண்ணிக்கைக்காக எடுத்த ஊதா மூடிக் குழாயிலேயே மிச்சமிருந்த ரத்தம் காரைக்குடி ஆய்வகம் ஒன்றுக்கு வருகிறது. பனிக்கட்டிப் பொட்டலத்தை ஒட்டியபடி வந்த குழாய். சுழற்றிப் பிரித்த பிளாஸ்மா இளஞ்சிவப்பு கலந்த மஞ்சளாக இருக்கிறது.

ஆய்வகத்தின் உணரி, நீல ஒளி உமிழும் கார்பன் புள்ளி, அதாவது சில நானோமீட்டர் அளவுள்ள கார்பன் துகள். 360 நானோமீட்டரில் தூண்டினால் 440 நானோமீட்டர் அருகே ஒளிரும். டாக்சிசைக்ளின் சேர்ந்தால் மங்கும். மங்கலின் அளவை அளவுகோட்டில் வைத்து மருந்தின் செறிவைப் படிப்பது முறை. பிளாஸ்மாவைப் பத்து மடங்கு நீர்த்துப் படித்தபோது ஒளி 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அளவுகோட்டின்படி மருந்து தாராளமாக இருக்கிறது. முடிவு அப்படியே போயிருந்தால், மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை என்று முடிவுகட்டி, மருத்துவர் வேறு நோயைத் தேடத் தொடங்கியிருப்பார்.

அந்த மங்கல் மருந்தால் வந்ததல்ல.

மங்கல் எங்கிருந்து வந்தது

முதலில் மருந்தின் பங்கைக் கணக்கிடலாம். 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் வாய்வழி கொடுத்தால் ஆரோக்கியமானவரின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) 2 மணி நேரத்தில் உச்சமாக மில்லிலிட்டருக்கு சுமார் 2.6 மைக்ரோகிராம் வரும். 24 மணி நேரத்தில் அது 1.45 அளவுக்கு இறங்கும். மூலக்கூறு எடை 444.4. ஆக உச்சம் 5.9 மைக்ரோமோலார். பத்து மடங்கு நீர்த்தால் 0.59. டாக்சிசைக்ளின் 360 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும் திறன், மோலார் உறிஞ்சல் எண்ணாகச் சொன்னால், சுமார் 14,000. ஒரு சென்டிமீட்டர் கலத்தில் அதன் உறிஞ்சல் 0.008. தூண்டும் ஒளி நடுக்கலத்தை அடைவதற்குள் இந்த உறிஞ்சலில் பாதியைக் கடக்கிறது. அதனால் வரும் மங்கல் 1 விழுக்காடு. பிப்பெட்டின் சாதாரணப் பிழையே அதைவிடப் பெரிது.

இப்போது ரத்தச்சிவப்பணு உடைந்ததன் பங்கு. பிளாஸ்மாவில் லிட்டருக்கு அரை கிராம் ஹீமோகுளோபின் கசிந்திருந்தால் அதிலுள்ள நிறப்பகுதியான ஹீம் 31 மைக்ரோமோலார். நீர்த்த பின் 3.1. ஆக்ஸிஹீமோகுளோபின் ஒரு ஹீமுக்கு 360 நானோமீட்டரிலும் 440 நானோமீட்டரிலும் தோராயமாக 25,000 முதல் 30,000 வரை உறிஞ்சும். தூண்டும் ஒளியிலும் உமிழும் ஒளியிலும் சேர்த்துச் சுமார் 0.17 உறிஞ்சல். மங்கல் 18 விழுக்காடு. பத்து மடங்கு நீர்த்த பின் இந்த அளவு கசிவு கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட மாட்டாது. இதோடு காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபின் சேர்கிறது. அதன் உறிஞ்சல் 450 முதல் 460 நானோமீட்டரில் உச்சம் தொடும். கார்பன் புள்ளியின் நீல உமிழ்வு விழும் இடமும் அதுவே.

அப்படியானால் அளவுகோடு எப்படி அழகான நேர்கோடாக வந்தது? அது தாங்கல் கரைசலில், 5 முதல் 100 மைக்ரோமோலார் வரை போட்ட கோடு. 20 மைக்ரோமோலாரில் உறிஞ்சல் 0.28, மங்கல் 28 விழுக்காடு. 100 மைக்ரோமோலாரில் பாதிக்கு மேல் ஒளி போய்விடும். இவ்வளவும் வெறும் வடிகட்டல், அதாவது கரைசலில் உள்ள மருந்து ஒளியை வழியிலேயே உறிஞ்சிக்கொள்வது. துகளுக்கும் மருந்துக்கும் இடையே எந்தப் பிணைப்பும் தேவைப்படவில்லை. ரத்தத்தில் மருந்து எட்டவே எட்டாத செறிவுகளில் கோடு போட்டு, ரத்தத்துக்கு அதைப் பயன்படுத்தியதே அடிப்படைப் பிழை. கோட்டின் பொருத்த எண் 0.99 என்பது இங்கே எந்த உறுதியையும் தருவதில்லை.

வடிகட்டலா, துகளின் ஒளிர்வையே மருந்து அணைக்கிறதா என்று பிரித்தறிய வழி எளிது. ஒளிர்வின் ஆயுளை அளக்க வேண்டும். மருந்து சேர்த்தும் ஆயுள் மாறாமல் பிரகாசம் மட்டும் குறைந்தால், மோதி அணைப்பது நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மாதிரியின் உறிஞ்சலையும் தூண்டல், உமிழ்வு அலைநீளங்கள் இரண்டிலும் அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, 10இன் அடுக்காக வைத்து ஒளியைப் பெருக்கித் திருத்த வேண்டும். திருத்திய பின் மங்கல் மறைந்துவிட்டால் அந்த உணரி ஒரு நிறமானி செய்யும் வேலையைத்தான் செய்திருக்கிறது. நிறமுள்ள எதையும் அது மருந்து என்று சொல்லும். மஞ்சள் காமாலைக்காரரின் சீரம், சிவப்பு நிறக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் சீரம், ஊசியை அவசரமாக இழுத்ததால் உடைந்த ரத்தம், எல்லாம் அதற்கு டாக்சிசைக்ளின்தான்.

ஆகவே ரத்தத்தில் மருந்து தேடும் உணரி, மருந்து வந்தால் ஒளிரவேண்டும். அதுவும் ரத்தத்தில் வேறு எதுவும் உமிழாத நிறத்தில், வேறு எதுவும் உமிழாத நேரத்தில்.

யூரோப்பியத்தைத் துகளின் மேல் ஏற்றுவது

டாக்சிசைக்ளின் அடங்கிய டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகளுக்கு இதற்கேற்ற ஒரு குணம் உண்டு. அவற்றின் கீட்டோ, ஈனால் ஆக்சிஜன்கள் அரிய மண் உலோகமான யூரோப்பியத்தின் அயனியைப் பற்றிக்கொள்ளும். 390 முதல் 400 நானோமீட்டர் ஒளியை மருந்து உறிஞ்சி, ஆற்றலை யூரோப்பியத்துக்குக் கொடுக்கும். யூரோப்பியம் 616 நானோமீட்டரில் குறுகிய சிவப்புக் கோடாக அதை உமிழும். மருந்து இல்லாவிட்டால் யூரோப்பியம் தானாக ஒளியை உறிஞ்சும் திறன் மிகக் குறைவு, எனவே இருட்டாகவே இருக்கும். சீரத்தின் இயல்பு ஒளிர்வு சில நானோவினாடிகளில் அணைந்துவிடும். யூரோப்பியம்–டெட்ராசைக்ளின் ஒளிர்வோ நீரில் 30 மைக்ரோவினாடி அளவுக்கு நீடிக்கும். சற்றுக் காத்திருந்து படித்தால் சீரத்தின் ஒளி போய், மருந்தின் ஒளி மட்டும் நிற்கும்.

கார்பன் புள்ளியின் வேலை இங்கே மாறுகிறது. மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில், அமைன் தொகுதிகள் யூரோப்பியத்தைப் பிடித்து வைக்கின்றன. காரக் கரைசலில் அது ஹைட்ராக்சைடாக வீழ்படியாமல் காக்கின்றன. அயனியைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளில் சிலவற்றை விலக்குகின்றன. நீரின் அதிர்வுதான் யூரோப்பியத்தின் ஒளியைத் தின்கிறது என்பதால் இது ஆதாயம். துகளின் நீல ஒளி, சோதனைத் தட்டின் குழியில் எல்லாம் சரியாக ஊற்றப்பட்டதா என்று பார்க்க மட்டும் உதவும். நீலத்தையும் சிவப்பையும் வகுத்து விகித உணரி என்று சொல்வது தாங்கல் கரைசலில் அழகாக இருக்கும். சீரத்தில் நீலப் பகுதியில் என்ஏடிஎச் என்னும் துணைநொதி போன்றவை தாமே 460 நானோமீட்டர் அருகே ஒளிர்வதால், வகுக்கும் எண்ணே கலப்படமாகிவிடும். புரதம் நீக்கிய சாற்றில் மட்டும் நீலத்தை நம்பலாம்.

துகள் தயாரிப்பு: சிட்ரிக் அமிலம் மோனோஹைட்ரேட் 1.05 கிராம், எத்திலீன்டையமைன் 335 மைக்ரோலிட்டர், அயனி நீக்கிய நீர் 10 மில்லிலிட்டர். முதல் இரண்டும் 5 மில்லிமோல் வீதம் சமமாக அமையும் அளவு இது. டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலத்தில் ஊற்றி 200 டிகிரியில் 5 மணி நேரம். கலத்தின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. டெஃப்லான் 220 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்து மூடி கசியும். முழுதும் ஆறும்வரை திறக்கக்கூடாது. எத்திலீன்டையமைன் புகையும், தோலை எரிக்கும். புகைப்பெட்டிக்குள்தான் அளக்க வேண்டும்.

சமைக்கும்போது மின்சாரம் போவது இந்தப் பகுதியில் நடக்கக்கூடியதே. அடுப்பு இன்வெர்ட்டரில் ஓடாது. நடுவில் ஆறி மறுபடி சூடேறிய தொகுதியின் ஒளிர்வும் மேற்பரப்பும் வேறாக இருக்கும். அதை முந்தைய தொகுதியோடு கலக்காமல் தனிப் பெயரிட்டு வைக்க வேண்டும், அல்லது கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனி அளவுகோடு.

பலர் சுருக்கிவிடுவது சுத்திகரிப்பை. சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டையமைனும் சேரும்போது துகளோடு ஒரு சிறு மூலக்கூறு ஒளிர்பொருளும் உண்டாகிறது. நீல ஒளியின் பெரும்பங்கு அதிலிருந்தே வரலாம். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்ததோடு நிறுத்தினால் அது உள்ளேயே இருக்கும். 1,000 டால்டன் சவ்வுப் பையில் கட்டி, 48 மணி நேரம், 6 மணிக்கு ஒருமுறை நீர் மாற்றி ஊறவைத்தால் பெரும்பகுதி வெளியேறும். வெளிநீர் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வதை முதல் நாளே காணலாம். ஒளிர்வது நின்ற பிறகே பையைத் திறக்க வேண்டும். பிறகு உறைபனி உலர்த்தலில் தூளாக்கி, எடை போட்டு, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருப்புக் கரைசல். விளைச்சல் குறைவாகத்தான் வரும். ஒளிர்வது துகள்தான் என்று சொல்ல அந்த விலையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

தாங்கல் கரைசல், குழாய், வெக்கை

பாஸ்பேட் தாங்கல் கரைசல் கூடவே கூடாது. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் கை முதலில் போவது அந்தப் புட்டிக்குத்தான். யூரோப்பியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகும், மருந்தோடு சேர்ந்த யூரோப்பியத்தின் ஒளியையும் பாஸ்பேட் அணைக்கும். ட்ரிஸ் 20 மில்லிமோலார், பிஎச் 8.0 போதும். ஆனால் ட்ரிஸ் கரைசலின் பிஎச் ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 வைத்தது, சித்திரை வெயிலில் அறை 35 ஆகும்போது 7.7 ஆகிவிடும். காலையில் போட்ட கோட்டில் மாலை மாதிரியைப் படித்தால் வித்தியாசம் வரும். குழிகளின் ஒளியை அளக்கும் கருவியான தட்டுப் படிப்பானை 25 டிகிரியில் நிறுத்தி, தட்டைப் பத்து நிமிடம் உள்ளே வைத்துவிட்டுப் படிக்க வேண்டும்.

அடுத்தது ரத்தக் குழாயின் மூடி நிறம். ஊதா மூடியில் ஈடிடிஏ, உலோக அயனிகளைப் பற்றி ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். வழக்கமான அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 1.8 மில்லிகிராம், அதாவது சுமார் 4.4 மில்லிமோலார். அது சிவப்பணுக்குள் போகாது என்பதால் பிளாஸ்மாவில் 7 மில்லிமோலாருக்கும் மேல். உணரியில் இருக்கும் யூரோப்பியம் 0.1 மில்லிமோலார்தான். ஈடிடிஏ யூரோப்பியத்தை இறுக்கமாகப் பற்றும். சம அளவில் இருந்தால் நீரை விலக்கி மருந்தோடு மூவர் கூட்டாக நின்று ஒளியைக் கூட்டவும் செய்யும். பெரும் மிகையில் போட்டியாகி விகிதத்தைக் குலைக்கும். குழாயில் எவ்வளவு ரத்தம் நிரப்பினார்கள் என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். நீல மூடியிலுள்ள சிட்ரேட்டும் யூரோப்பியம்–டெட்ராசைக்ளின் ஒளியை மாற்றக்கூடியது. சாம்பல் மூடியில் ஃப்ளூரைடும் ஆக்சலேட்டும், இரண்டும் யூரோப்பியத்தை வீழ்படியவைக்கும். ஜெல் உள்ள மஞ்சள் மூடிக் குழாயில் சில மருந்துகள் ஜெல்லில் ஒட்டும். எனவே ஜெல் இல்லாத சிவப்பு மூடிக் குழாயில் சீரம் மட்டுமே.

ரத்தம் உறைய 30 நிமிடம், பின் 1,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு) விசையில் 10 நிமிடச் சுழற்சி, சீரத்தை பாலிப்ரோப்பிலீன் குழாய்க்கு மாற்றி அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது. டாக்சிசைக்ளின் வெளிச்சத்தில் சிதையும், கண்ணாடியில் ஒட்டும். முழு ரத்தத்தை ஒருபோதும் பனிக்கட்டியோடு ஒட்டி வைக்கக்கூடாது. உறைந்த ஓரத்தில் சிவப்பணுக்கள் வெடிக்கும். பேருந்தில் அனுப்புவதானால் சீரத்தைப் பிரித்த பிறகே குளிர்பெட்டி. பிரிக்க வசதியில்லாத இடத்திலிருந்து ரத்தமாக அனுப்புவதைவிட, நோயாளி காரைக்குடிக்கு வரும் நாளில் எடுத்துக்கொள்வது மேல்.

பிரித்தெடுத்தலும் படிப்பும்

டாக்சிசைக்ளினில் 80 முதல் 90 விழுக்காடு சீரப் புரதத்தோடு கட்டுண்டு இருக்கும். நீர்த்துப் படித்தால் கட்டுண்டதில் எவ்வளவு விடுபட்டது என்று தெரியாது. எனவே புரதத்தை வீழ்படியவைத்து மொத்த மருந்தையும் வெளியே எடுக்க வேண்டும்.

சீரம் 200 மைக்ரோலிட்டர். அதில் 1 விழுக்காடு ஃபார்மிக் அமிலம் கலந்த குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் 600 மைக்ரோலிட்டர். அமிலம், மருந்தை கால்சியம், மக்னீசியப் பிடியிலிருந்து விடுவிக்கிறது. உலர்த்தும்போது அமிலமும் ஆவியாகிவிடுவதால் யூரோப்பியத்தோடு போட்டியிட எதுவும் மிஞ்சாது. ஒரு நிமிடம் சுழல்கலக்கி, 10 நிமிடம் குளிரில், 12,000 ஜியில் 10 நிமிடம். மேல்நீர் 600 மைக்ரோலிட்டரை எடுத்து 40 டிகிரியில் நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, 150 மைக்ரோலிட்டர் ட்ரிஸ்ஸில் கரைக்க வேண்டும். 800இல் 600 எடுத்து 150இல் கரைப்பதால் செறிவு மூல சீரத்தின் அளவுக்கே திரும்புகிறது.

இங்கே ஒரு பொறி. அமிலம் கலந்த அசிட்டோநைட்ரைல், ஹீமோகுளோபினிலிருந்து ஹீமையும் பிரித்து மேல்நீருக்குக் கொண்டுவரும். புரதம் போய்விட்டது, ரத்தக்கசிவின் தொல்லையும் போய்விட்டது என்று நம்பக்கூடாது. ஹீமின் பெரிய உறிஞ்சல் பட்டை 400 நானோமீட்டர் அருகே விழும், நாம் தூண்டும் இடமும் அதுவே. சாறு பழுப்பு தட்டியிருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு மறுபடி ரத்தம் கேட்பதே நேர்மையான வழி.

கறுப்பு 96 குழித் தட்டில் குழிக்கு: சாறு 70 மைக்ரோலிட்டர், கார்பன் புள்ளிக் கரைசல் 35, யூரோப்பியம் குளோரைடு 35. இறுதி அளவில் துகள் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், யூரோப்பியம் 100 மைக்ரோமோலார். துகளையும் யூரோப்பியத்தையும் முன்கூட்டிக் கலந்து 15 நிமிடம் வைத்து ஊற்றினால் குழிக்குக் குழி வேறுபாடு குறையும். துகள் மட்டும் உள்ள குழியில் 390 நானோமீட்டர் உறிஞ்சல் 0.05க்கு மேல் போகக்கூடாது. போனால் துகளே தூண்டும் ஒளியை மறைக்கத் தொடங்கிவிடும். பிரகாசம் வேண்டுமென்று துகளைக் கூட்டுவது இந்த உணரியில் எதிர்விளைவைத் தரும்.

தூண்டல் 390, உமிழ்வு 616. தாமத நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பல தட்டுப் படிப்பான்களில் யூரோப்பியம் என்ற ஆயத்த அமைப்பு 50 முதல் 100 மைக்ரோவினாடி வரை தாமதம் வைத்திருக்கும். அது நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடி நீடிக்கும் வேறு யூரோப்பியச் சேர்மங்களுக்கானது. நம்முடையதன் ஆயுள் 30 என்று கொண்டால், 50 மைக்ரோவினாடியில் 19 விழுக்காடு ஒளிதான் மிஞ்சும், 100இல் 4 விழுக்காடுகூட இருக்காது. 10இல் தொடங்கினால் 72, 20இல் 51. செனான் விளக்கின் வால் சில மைக்ரோவினாடி நீள்வதால் 10க்குக் கீழே போக முடியாது. வெறும் தட்டைப் படித்து, வால் எங்கே அடங்குகிறது என்று அந்தக் கருவியிலேயே பார்த்து, 10 முதல் 20க்குள் வைக்க வேண்டும். திரட்டும் நேரம் 100 மைக்ரோவினாடி போதும். உணரி வேலை செய்யவில்லை என்று கைவிடப்பட்டவற்றில் எத்தனை, இந்த ஒரு எண்ணைத் தொடாததால் கைவிடப்பட்டனவோ.

பாஸ்பேட் திரும்ப வரும்

தாங்கல் கரைசலிலிருந்து பாஸ்பேட்டை விலக்கினாலும் சீரத்திலேயே அது லிட்டருக்கு 0.8 முதல் 1.45 மில்லிமோல் வரை இருக்கிறது. அசிட்டோநைட்ரைலில் ஒரு பகுதி வீழ்படிந்துபோகும், மிச்சம் சாற்றுக்கு வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ரத்தப் பாஸ்பேட் உயரும். ஸ்க்ரப் டைஃபஸ் முற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது தெரிந்ததே. அப்படியானால் யாருக்கு மருந்தளவு தெரிவது மிக அவசியமோ, அவருடைய மாதிரியில்தான் ஒளி மிகவும் அமுங்கும். ஆரோக்கியமானவர்களின் சீரத்தில் போட்ட அளவுகோட்டை இவருக்குப் பயன்படுத்தினால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

இதற்குத் தீர்வு, தெரிந்த அளவைக் கூட்டிப் பார்க்கும் சேர்ப்பு முறை. ஒரே நோயாளியின் சீரத்தை நான்காகப் பிரித்து, டாக்சிசைக்ளின் 0, 1, 2, 4 மைக்ரோகிராம் வீதம் மில்லிலிட்டருக்குச் சேர்த்து, நான்கையும் ஒன்றாகப் பிரித்தெடுத்துப் படிக்க வேண்டும். பின்னணியைக் கழிக்க, யூரோப்பியத்துக்குப் பதில் ட்ரிஸ் ஊற்றிய குழி ஒவ்வொன்றுக்கும் வேண்டும். இந்த முறைக்குச் சீரம் 800 மைக்ரோலிட்டர் ஆகும், ஆகவே 3 மில்லிலிட்டர் ரத்தமாவது எடுக்கச் சொல்ல வேண்டும்.

நம் நிகழ்வில் சிவப்பு மூடிக் குழாயில், மாத்திரை விழுங்கி 2 மணி நேரம் கழித்து, புதிதாக ரத்தம் எடுக்கப்படுகிறது. கணக்கு புரிவதற்காக வட்டமான எண்களில்: மருந்து சேர்க்காத குழியின் ஒளி அளவு 300, ஒன்று சேர்த்தது 800, இரண்டு 1,300, நான்கு 2,300. ஒரு மைக்ரோகிராமுக்கு 500 வீதம் ஏறுகிறது. 300ஐ 500ஆல் வகுத்தால் 0.6 மைக்ரோகிராம். ஆரோக்கிய சீரத்தின் கோடு ஒரு மைக்ரோகிராமுக்கு 900 ஏறுவதாக இருந்தால், அதே 300 ஒளி 0.33 என்று படிக்கப்பட்டிருக்கும். பாஸ்பேட்டின் அமுக்கலைப் பொருட்படுத்தாமல் விட்டால் பாதிக்குப் பாதி பிழை. 500க்கும் 900க்கும் உள்ள வித்தியாசத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும், அந்த மாதிரி எவ்வளவு முரண்டு பிடித்தது என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாம் நாள், மருந்து உடலில் திரண்டிருக்க வேண்டிய நேரத்தில், உச்ச வேளையில் 0.6 என்பது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. மங்கல் உணரி தாராளம் என்று சொன்ன அதே ஆளின் ரத்தம்தான் இது. காரணம் ஆய்வகத்தில் கிடைக்கவில்லை, ரத்தம் எடுத்தவர் கேட்ட ஒரு கேள்வியில் கிடைத்தது.

“அக்கா, மாத்திரைய எதோட முழுங்குனீக?”

“ரத்தம் கம்மியா இருக்குன்னு முன்னாடி குடுத்த மாத்திரையும் இருக்குல்ல தம்பி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு மோர ஊத்திக்கிருவேன்.”

இரும்புச்சத்து மாத்திரை. இரும்பு, டாக்சிசைக்ளினைக் குடலிலேயே கட்டிப்போட்டு உறிஞ்சவிடாமல் தடுக்கும். மோரால் வரும் இழப்பு சிறிது, இரும்பால் வருவது பெரிது. நேரம் மாற்றிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் முழுச் சரியல்ல. ரத்தத்திலிருந்து குடலுக்கு வந்து மீண்டும் உள்ளே போகும் மருந்தையும் இரும்பு பிடித்துக்கொள்வதால், ஊசியாகக் கொடுத்த டாக்சிசைக்ளினின் அரை ஆயுளைக்கூட அது குறைக்கும். சிகிச்சை நாட்களில் இரும்பை நிறுத்திவைப்பதா என்பது மருத்துவரின் முடிவு. ஆனால் அந்தக் கேள்வி மாதிரிப் படிவத்திலேயே அச்சடித்திருக்க வேண்டும்: இரும்பு, கால்சியம், அமிலமுறிவு மருந்து, வலிப்பு மாத்திரை, கடைசியாக விழுங்கிய நேரம். ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் ஆகியவையும் டாக்சிசைக்ளினைச் சீக்கிரம் கழிக்கும்.

இந்த உணரி பார்க்காதவை

டெட்ராசைக்ளின், மினோசைக்ளின், டாக்சிசைக்ளின் மூன்றையும் இது பிரித்தறியாது. மருந்துக்கடையில் வாங்கிய பெயர் தெரியாத மாத்திரையை நோயாளி முன்பே சாப்பிட்டிருந்தால், சிவப்பு ஒளி குடும்பத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவையும் யூரோப்பியத்தைத் தூண்டவல்லவை. அவை 270 முதல் 330 நானோமீட்டரில் உறிஞ்சுவதால் 390இல் தூண்டும்போது தொல்லை குறைகிறது. 365 நானோமீட்டர் கைவிளக்கில் கண்ணால் பார்த்து முடிவு சொல்வது இந்தக் காரணத்தால் ஆபத்து. அசித்ரோமைசினுக்கு இந்தப் பகுதியில் உறிஞ்சலே கிடையாது, அது நூறு மடங்கு இருந்தாலும் உணரிக்குத் தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸுக்கு அதுவும் வழக்கமான மருந்து என்பதால், அசித்ரோமைசினுக்கு மாறிய நோயாளியின் மாதிரியில் ஒளி இல்லையென்பது எதையும் காட்டாது.

கண்டறியும் எல்லையைச் சொல்லும்போது ஒரே கலவைச் சீரத்தைப் பத்து முறை படித்து வரும் சிதறலை வைத்துக் கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. அது கருவியின் சிதறல். ஆளுக்கு ஆள் மாறும் சிதறல்தான் நமக்கு வேண்டியது. மருந்து சாப்பிடாத குறைந்தது பத்துப் பேரின் தனித்தனிச் சீரம், அதில் காமாலை உள்ளவர், டயாலிசிஸ் செய்பவர், கொழுப்பு மிகுந்து பால்போலான சீரம் உள்ளவர் இருக்க வேண்டும். அந்தச் சிதறலின் 3.3 மடங்கை அளவுகோட்டின் ஏற்றத்தால் வகுப்பதே உண்மையான எல்லை. தாங்கல் கரைசலில் கிடைத்ததைவிட அது மோசமாகத்தான் வரும், அதையே எழுத வேண்டும். தரக் கட்டுப்பாட்டு மாதிரி மூன்று அளவுகளில், உயிர்மாதிரிகளில் மருந்தை அளக்கும் முறைகளுக்கான பன்னாட்டு நெறியான 2022இன் ஐசிஎச் எம்10 வழிகாட்டி நிறப்பகுப்பு முறைகளுக்கு வைக்கும் 15 விழுக்காடு வரம்பை இலக்காகக் கொள்ளலாம், மிகக் கீழ் அளவில் 20.

இவ்வளவு செய்த பிறகும் இது முதற்கட்டச் சோதனைதான். குறைவு என்று வந்த ஒவ்வொரு மாதிரியிலும் 300 மைக்ரோலிட்டர் சீரத்தை −80 டிகிரியில் எடுத்துவைத்து, மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டாக்சிசைக்ளினின் 445 நிறை 428ஆக உடைவதைப் பார்க்கும் அந்தக் கருவி சொல்வதே இறுதி. நோயாளியின் அறிக்கையில் “டெட்ராசைக்ளின் வகை, தோராயம் 0.6, உறுதிப்படுத்தல் நிலுவையில், 2ஆம் மணி மாதிரி, இரும்பு உட்கொண்டார்” என்று எழுதினால் மருத்துவருக்கு வேண்டியது முழுதும் அதில் இருக்கும்.

வேலை முடிந்த மேசையில் ஒரு எச்சரிக்கை. ரத்தக் கழிவுக்கு ஹைப்போகுளோரைட் ஊற்றுவது கைப்பழக்கம். ஃபார்மிக் அமிலம் கலந்த அசிட்டோநைட்ரைல் மிச்சத்தில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கரைப்பான் கழிவுக்குத் தனிப் புட்டி, மூடியில் கொட்டை எழுத்தில் பெயர், ஹைப்போகுளோரைட் வாளி அதிலிருந்து தள்ளி. புரத வண்டலையும் குழாய்களையும் உயிரியல் மருத்துவக் கழிவாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மிஞ்சிய யூரோப்பியத்தைக் கழுவுதொட்டியில் விடாமல் பாஸ்பேட் சேர்த்து வீழ்படியவைத்து வடித்து எடுக்கலாம்.